பவளத்தைத் தின்னும் புழு
நாள் எண்ணிப் பகை வெல்லும் வித்தை

பகைவன் பெரியவனாக இருந்தால் அவனை எதிர்ப்பது எளிது. அவன் வருவது தெரியும்; நிற்குமிடம் தெரியும்; அடிக்க வேண்டிய இடமும் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத சிறு பகைவனே அஞ்சத்தக்கவன். அடித்தோம், அழித்தோம் என்று நாம் மகிழ்ந்து உறங்கும் வேளையில், அவன் தன் சந்ததியை வேறோரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருப்பான். பொது வாழ்வில் ஈடுபட்ட நேயர்களுக்கு இவ்வுண்மையை நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் இதே உண்மையை, அரசியலுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் பவளக் கிளையின்மீது, சாஸ்திர ஆராய்ச்சியாளர் சிலர் நாட்கணக்கும் டிகிரிக் கணக்கும் இட்டு நிரூபித்திருக்கின்றனர். அவ்வரலாற்றை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். விஷயம் ஒரு புழுவைப் பற்றியது. அதனால் அற்பமானது என்று எவரும் கருதிவிட வேண்டாம். அப்புழு அழிப்பது கடலின் மிகப் பெரிய கட்டடத்தை.

பவளம் என்பது யாது?

பவளத்தைக் கல் என்று கருதுவோர் உண்டு. கிளை விட்டுப் படர்வதால் செடி என்று கருதுவோரும் உண்டு. இரண்டும் பிழை. பவளம் ஒரு ஜந்துக் கூட்டம். ஒவ்வொரு ஜந்துவும் மிகச் சிறியது. ஒரு வாயும், அதனைச் சுற்றிச் சில மெல்லிய கைகளும் உடையது. இலட்சக்கணக்கான ஜந்துக்கள் ஒன்றோடொன்று சதையால் இணைந்து, தமக்கு அடியில் சுண்ணாம்பைப் படிய வைத்துக்கொண்டே வளர்கின்றன. அந்தச் சுண்ணாம்பே நாம் கையில் எடுத்துப் பார்க்கும் வெண்மையான எலும்பு. இச்சதைக்குள் அதனினும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளம் அவற்றிற்கு இடம் அளிக்கின்றது. பவளத்தின் நிறத்திலும் பெரும் பகுதி அப்பாசிகளால் வருவதே.

இவ்வினத்தில் மான்கொம்பு போலக் கிளைத்து வளரும் ஒரு குடும்பம் இருக்கின்றது. அக்ரோபோரா என்பது அதன் சாஸ்திரப் பெயர். நாம் இதனைக் கொம்புப் பவளம் என்றே கூறுவோம். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இதில் உண்டு. மற்றப் பவளங்களைக் காட்டிலும் விரைவாக வளர்ந்து, உலகத்துப் பவளப் பார்களுள் பெரும்பாலானவற்றிற்குச் சட்டம்போல் நிற்பது இதுவே. இதன் கிளைகளுக்கிடையில் மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. பவளப் பார்கள் கடலடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழக் கால் பங்கு தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு பருவத்தில் அவற்றையே அண்டியிருக்கின்றன என்று கணக்கிட்டிருக்கின்றனர். அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பதும் அப்பார்களே.

இத்தகைய பவளத்திற்கு நம் காலத்தில் நேர்ந்துள்ள பெரும் ஆபத்து வெப்பம். கடல் நீர் வழக்கத்திற்கு மேல் சூடாகிச் சில வாரம் அவ்வாறே நின்றால், பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகின்றது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 1998-ஆம் ஆண்டில் உலக முழுமையும் இவ்வெளுப்பு நேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் நேர்ந்தது. ஆகவே, கடலில் அழிவதைக் கரையில் வளர்த்துத் திரும்ப நடுவது என்னும் முயற்சி பல தேசங்களில் தொடங்கியிருக்கின்றது. கிளையை ஒடித்துத் தொட்டியில் வளர்த்து, பெருக்கி, கடலில் நடுகின்றனர். ஒரு காலத்தில் செல்வர் வீட்டு அலங்காரமாக இருந்த பவளத் தொட்டி, இவ்வாறு நாற்றங்கால் ஆயிற்று. நாற்றங்காலில் பூச்சி விழுந்தால் வயல் என்னாகும் என்பதைக் குடியானவன் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

தொட்டியில் தோன்றிய பகை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் பவளம் வளர்ப்போர் அநேகர். கண்ணாடித் தொட்டியில் உப்பு நீர் நிரப்பி, விளக்கு வைத்து, நீரை ஓட விட்டு, பவளக் கிளைகளை ஆண்டுக்கணக்கில் பேணுகின்றனர். ஒருவர் தம் கிளையில் ஒரு துண்டை ஒடித்து மற்றொருவருக்குக் கொடுப்பது இவர்களுக்குள் வழக்கம். வியாபாரிகளும் அவ்வாறே துண்டு துண்டாக விற்கின்றனர். இவ்வழக்கத்தின் வழியே ஒரு விருந்தாளி வீடு வீடாகப் புகுந்தது.

முதலில் பவளத்தின் நிறம் மங்கும். பிறகு சதையின்மீது வெளிறிய சிறு வட்டப் புள்ளிகள் தோன்றும். வளர்ப்பவர் நீரைச் சோதிப்பார், உப்பு சரி. விளக்கைச் சோதிப்பார், அதுவும் சரி. காரணம் விளங்காமல் அவர் திகைத்து நிற்கும்போதே புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று கலந்து, சதை உரிந்து, வெள்ளை எலும்பு வெளியே தெரியும். பல ஆண்டு வளர்த்த பவளம் மிகச் சில வாரங்களில் மாண்டுபோகும். ரப்பர்க் குமிழ் பொருத்திய குழாயினால் கிளையின்மீது நீரைப் பீச்சி அடித்துப் பார்த்தவர்களுக்கே உண்மை தெரிந்தது. பவளத்தின் சதையே ஒரு துணுக்குப் பெயர்ந்து வருவதுபோல ஏதோ ஒன்று பெயர்ந்து, நீரில் சுருண்டு விழும். அது சதையன்று, ஒரு தட்டைப்புழு.

அதன் நீளம் ஓர் அங்குலத்திற்கும் குறைவு. உடல் இலை போல் மெல்லியது. ஒளி ஊடுருவக் கூடியது. அதனுடைய குடல் உடல் முழுவதும் பல கிளைகளாகப் பிரிந்து பரவியிருக்கின்றது. தின்ற பவளச் சதையிலுள்ள பாசிகள் அக்குடற் கிளைகளில் தங்கி, உயிரோடு இருந்து, புழுவிற்குப் பவளத்தின் நிறத்தையே கொடுக்கின்றன. பவளத்தில் ஒளிரும் பச்சைப் பொருளும் புழுவின் உடலில் சேர்ந்துவிடுகின்றது. இதனை 2014-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் விளக்கிக் காட்டினர். கொள்ளையிட்ட வீட்டாரின் உடையையே உடுத்துக்கொண்டு அவ்வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் திருடனைப் போன்றது இது. பார்வையாலே இதனைக் கண்டுபிடிப்பது அரிது என்பதில் வியப்பென்ன? அன்றியும், புழு ஓரிடத்தில் கடித்தாலும், வெளிச்சத்தின் மாறுதலுக்குத் தக்கபடி தன்னை அமைத்துக்கொள்ளும் சக்தி பவளக் கூட்டம் முழுவதிலும் குன்றிவிடுகின்றது என்றும் அவர்கள் கண்டனர். தீங்கு கடிபட்ட இடத்தோடு நிற்பதில்லை.

பெயரில்லாப் பகைவன்

பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு ஒன்றைப் பற்றிய முதல் ஆராய்ச்சி ஹவாய்த் தீவுகளில் நடைபெற்றது. கானியோஹே விரிகுடாவில், மாண்டிபோரா என்னும் வேறு பவளத்தைத் தின்னும் புழுவை ஜோக்கியல், டவுன்ஸ்லி என்னும் இருவர் ஆராய்ந்து 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மறு ஆண்டு அதற்குச் சாஸ்திரப் பெயரும் இடப்பட்டது. ஆனால் கொம்புப் பவளத்தைத் தின்னும் புழுவோ, தொட்டி வளர்ப்போர் பலரின் பவளங்களை அழித்துக்கொண்டிருந்த காலத்திலும் பெயரற்றதாகவே இருந்தது. 2008-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பொதுமக்கள் காண வைத்திருக்கும் கடற்காட்சிச் சாலையொன்றில் பணிபுரிந்த நோஸ்ரத்பூர் என்பவர் தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்டார். 2011-ஆம் ஆண்டிலேதான் கேட் ராலின்சன் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் அமெரிக்கத் தொட்டிகளிலிருந்து எடுத்த புழுக்களைத் துருவி ஆராய்ந்து, அமகுஸாப்ளானா அக்ரோபோரே என்று பெயரிட்டனர். பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் இதனைப் பிராஸ்தியோஸ்டோமம் என்னும் இனத்திற்கு மாற்றினர். பெயர் மாறினும் புழு மாறவில்லை.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. சாதாரணமாக ஒரு ஜந்துவைக் காட்டிலோ கடலிலோ கண்ட பிறகே கூண்டில் அடைத்து ஆராய்வார்கள். இப்புழுவின் விஷயத்தில் முறை தலைகீழாயிற்று. தொட்டியில் கண்டு பெயரிட்ட பிறகே, 2012-ஆம் ஆண்டில், ராலின்சனும் ஸ்டெல்லா என்னும் ஆராய்ச்சியாளரும் ஆஸ்திரேலியப் பவளத் திட்டின் லிஸார்ட் தீவருகே கடலில் அதனைக் கண்டனர். சாஸ்திர பட்டம் பெறாத வீட்டு வளர்ப்பாளர்கள் தம் பவளம் சாவதைக் கண்டு முறையிட்டிராவிட்டால், இப்பகைவன் இன்னும் எத்தனை ஆண்டு பெயரின்றித் திரிந்திருப்பானோ! பொதுஜனங்களின் முறையீட்டிற்குச் செவி கொடுத்தவர்கள் சாஸ்திரத்திலும் பயன் பெறுகின்றனர்.

முட்டை என்னும் அரண்

பகைவன் இன்னான் என்று தெரிந்தது. இனி அழிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். தொட்டி வளர்ப்போர் வாளா இருக்கவில்லை. பவளக் கிளையை எடுத்து நன்னீரில் முக்கினர். அயோடின் கலந்த நீரில் முக்கினர். மனிதர் வயிற்றுப் புழுக்களுக்கும் கால்நடைகளின் புழுக்களுக்கும் கொடுக்கும் பிராஸிக்வாண்டெல், லெவாமிஸோல் என்னும் மருந்துகளையும் கையாண்டனர். புழுக்கள் மயங்கிக் கழன்று விழுந்தன. கிளையைத் தொட்டியில் திரும்ப வைத்தனர். தொல்லை தீர்ந்தது என்று பெருமூச்சு விட்டனர். சில வாரம் சென்றது. மீண்டும் அதே வட்டப் புள்ளிகள். மீண்டும் அதே வெளுப்பு!

காரணம் முட்டை. இப்புழுக்களில் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கின்றது. ஆதலால் வளர்ந்த புழு ஒவ்வொன்றும் முட்டையிட வல்லது. உயிருள்ள பவளச் சதையின்மீது அது முட்டையிடுவதில்லை. தானே தின்று சதை நீங்கிய எலும்பின்மீது, கூட்டங் கூட்டமாக ஒட்டி வைக்கின்றது. ஒவ்வொரு முட்டை உறைக்குள்ளும் பல கருக்கள் உண்டு. அவ்வுறை மருந்தை உள்ளே விடுவதில்லை. வளர்ந்த புழு சாகும் நீரில் முட்டை சுகமாகக் கிடக்கின்றது. ஆகவே மருந்திட்டவன் கொன்றது இன்றைய தலைமுறையை மாத்திரமே. நாளைய தலைமுறையைத் தன் கையாலேயே எடுத்துத் தொட்டிக்குள் திரும்ப வைத்தான்.

முட்டை கண்ணில் பட்டால் சுரண்டி எடுக்கலாம். முட்டை ஒட்டிய எலும்பை ஒடித்து எறியலாம். நல்ல வளர்ப்பாளர் இன்றும் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் கிளைகளின் இடுக்கில் ஒரே ஒரு கூட்டம் தப்பினாலும் செய்த வேலை முழுதும் வீணாகும். தப்பிய முட்டை எப்பொழுது பொரியும்? பொரிந்த குஞ்சு எத்தனை நாளில் தானும் முட்டையிடும்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாத வரையில், மருந்து இடுவது இருட்டில் கல் எறிவது போலாகும்.

நாட்கணக்கு

இவ்விடையைத் தேடப் புகுந்தவர் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோனதன் பார்ட்டன் என்பவர். ஹட்ஸன், போர்ன், ஹம்ஃப்ரி, முன் கூறிய ராலின்சன் முதலியோர் அவருடன் சேர்ந்து உழைத்தனர். அவர்கள் செய்த வேலை புறத்தே பார்ப்போருக்கு விபரீதமாகத் தோன்றும். எந்தப் புழுவை உலகமெங்கும் அழிக்கப் பார்க்கின்றார்களோ, அதே புழுவை அவர்கள் தொட்டியில் நெடுநாள் வளர்த்தனர். அதற்கு உணவாக நல்ல கொம்புப் பவளத்தையே கொடுத்தனர். பகைவனின் வாழ்க்கையை அறிய வேண்டுமானால் அவன் உயிரோடிருக்க வேண்டும் அன்றோ?

பிறகு, முட்டைகளையும் குஞ்சுகளையும் நான்கு வித வெப்பத்தில் வைத்தனர். 21, 24, 27, 30 டிகிரி சென்டிகிரேட் என்பன அவ்வெப்ப அளவுகள். கடலிலும் தொட்டியிலும் பவளம் காணும் வெப்பம் இவ்வெல்லைக்குள் அடங்கும். ஒவ்வொரு வெப்பத்திலும் முட்டை பொரிய எத்தனை நாள், எத்தனை முட்டைகள் பொரிந்தன, உணவில்லாத குஞ்சு எத்தனை நாள் உயிர் வாழும், குஞ்சு முட்டையிடும் பருவம் எய்த எத்தனை நாள் என்று குறித்துக்கொண்டே வந்தனர். முடிவுகளை 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது இது. 27 டிகிரியில் முட்டை பொரியச் சராசரி 11 நாள் ஆகின்றது. முட்டையிலிருந்து புறப்பட்ட உயிர் தானும் முட்டையிடும் வரை ஒரு தலைமுறை என்று கொண்டால், அவ்வெப்பத்தில் ஒரு தலைமுறைக்குக் குறைந்தது 38 நாள் வேண்டும். நீர் மூன்று டிகிரி குளிர்ந்து 24 ஆனால் அதே தலைமுறை 64 நாளாக நீள்கின்றது. 21 டிகிரியில் பொரியும் முட்டைகளின் விகிதமே குறைந்துவிடுகின்றது. சூடு ஏற ஏறப் புழு விரைவில் வளர்கின்றது; பெரிதாகவும் வளர்கின்றது. உணவற்ற குஞ்சின் ஆயுளை மாத்திரம் சூடு கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கொம்புப் பவளம் கிடைக்காத குஞ்சு சில வேளை ஆறு மணி நேரத்தில் இறக்கின்றது. சில வேளை ஒன்பது நாள் வரை தாங்குகின்றது. குஞ்சு ஊர்வதோடு நீந்தவும் வல்லது. ஆதலால் ஒரு தொட்டியின் நீர் மற்றொரு தொட்டிக்குச் செல்லுமாறு அமைத்திருந்தால், அந்நீரோடு குஞ்சும் சென்று குடியேறக் கூடும்.

மூன்று டிகிரி என்பது சிறிய வித்தியாசம். அறையில் அமர்ந்திருக்கும் மனிதன் அதனைப் பெரிதாக உணர மாட்டான். அச்சிறு வித்தியாசத்திற்குள் பகைவனின் படை பெருகும் வேகம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகின்றது. கடல் சூடாகிவரும் இக்காலத்தில் இந்த எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். எந்த வெப்பம் பவளத்தை வருத்துகின்றதோ, அதே வெப்பம் ஓரளவு வரையில் பவளத்தைத் தின்னும் புழுவை வளர்க்கின்றது.

மருந்திட வேண்டிய நாள்

இக்கணக்கினால் விளைந்த பயனைக் கூறுவாம். முதல் நாள் மருந்திட்டு வளர்ந்த புழுக்கள் அனைத்தையும் கொன்றோம் என்று வைத்துக்கொள்வோம். முட்டைகள் எஞ்சுகின்றன. அவற்றில் சில மறுநாளே பொரியக் கூடியவை. சில முந்திய இரவு இட்டவை. 27 டிகிரி நீரில் முந்திய இரவு இட்ட முட்டைகள் சுமார் 11 நாளில் பொரியும். சராசரி என்பதால் சில பின்தங்கியும் பொரியும். மறுநாள் பொரிந்த குஞ்சோ, முட்டையிடும் பருவம் எய்த மேலும் சில வாரம் வேண்டும். ஆகவே, கடைசி முட்டை பொரிந்த பின்னும், முதற் குஞ்சு முட்டையிடுவதற்கு முன்னும் ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் எலும்பின்மீது முட்டையே இராது. உள்ளவை யாவும் மருந்துக்கு அகப்படும் புழுக்களே. இரண்டாவது மருந்து விழ வேண்டிய நாள் அதுவே.

ஐந்தாம் நாள் அவசரப்பட்டு இடுபவன், பொரியாத முட்டைகளை விட்டுவிடுகின்றான். பார்த்துக்கொள்ளலாம் என்று ஐம்பது நாள் தூங்குபவன், புது முட்டைகள் இட்ட பிறகு எழுந்திருக்கின்றான். இருவரும் செலவிட்ட மருந்து ஒன்றே. இருவருக்கும் கிடைத்த பலன் தோல்வியே. மருந்தின் வலிமை மாறவில்லை, நாள் தவறிற்று. தொட்டி நீர் 24 டிகிரியில் நிற்கும்போது 27 டிகிரிக்குரிய கணக்கைக் கொண்டு மருந்திடுபவனும் அவ்வாறே ஏமாறுவான். குளிர்ந்த நீரில் முட்டை பொரிய நாள் அதிகம் ஆகும். அவன் முந்திக்கொண்டு விடுவான். ஆகவே, முதலில் வெப்பமானியைப் பார். பிறகு நாட்காட்டியைப் பார். அதன் பிறகே மருந்துப் புட்டியைத் திற என்பதே இவ்வாராய்ச்சியின் உபதேசம். ஓரிரு முட்டைகள் பின்தங்கிப் பொரிவதற்கும் இடங்கொடுத்து, இம்முறையை ஒரு தடவைக்கு மேல் செய்வதே விவேகம்.

மருந்தோடு நில்லாமல், 2020-ஆம் ஆண்டில் பார்ட்டனும் மற்றவர்களும் வேறொரு வழியையும் சோதித்தனர். உடலில் ஆறு கோடுகள் ஓடும் ஒரு சிறு மீன் இப்புழுவை விரும்பித் தின்கின்றது. லிஸ்மாட்டா என்னும் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு இறால் புழுவைத் தின்பதோடு, மருந்து தொடாத முட்டைகளையும் தின்கின்றது. கடலில் இயற்கை வைத்திருக்கும் காவலரைத் தொட்டிக்குள்ளும் அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. பகையைக் குறைத்து வைக்க இவை துணை செய்யும். வேரோடு அழிக்க நாட்கணக்கும் விடாமுயற்சியும் வேண்டும். எல்லாவற்றிலும் மேலான காவல், புதிதாக வரும் கிளையைத் தனித் தொட்டியில் வைத்துக் காப்பது. பிளேக் பரவும் ஊரிலிருந்து வந்தவரைத் தனியே நிறுத்தி வைக்கும் விதி எதற்கோ, அதற்கே இதுவும். அத்தனிக்காவல் எத்தனை நாள் நீடிக்க வேண்டும் என்பதற்கும், முன் கூறிய பொரியும் காலமே அளவுகோல். முட்டை பொரியுமுன் விடுதலை செய்துவிட்டால், காவல் வைத்ததும் வைக்காததும் ஒன்றே.

இதனால் யாது பயன்?

பசியும் பிணியும் நிறைந்த உலகில் ஒரு புழு எத்தனை நாளில் முட்டையிடுகின்றது என்று எண்ணிக்கொண்டிருப்பது வேலையற்றோர் வேலை என்று கூறுவோர் இருப்பர். அவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. கொசுவின் வாழ்க்கையை அறியாத காலத்தில் மலேரியாவைக் கெட்ட காற்று என்று நினைத்தார்கள். காற்றுக்கு மருந்து தேடிக் காலம் போயிற்று. 1897-ஆம் ஆண்டில் ஸெகந்தராபாத்தில் ரோஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்த பிறகே வழி தெரிந்தது. அவரையும் அன்று எவரேனும் வேலையற்றவர் என்று கூறியிருக்கலாம்.

பவளத்தின் விஷயத்தில் ஆபத்து தொட்டிகளோடு நிற்கக் கூடியதன்று. தொட்டியில் வளர்த்த கிளையைக் கடலில் நடும்போது, அதன்மீது ஒட்டிய முட்டைக் கூட்டமும் கடலுக்குச் செல்லக் கூடும். ஒரு கடலின் பவளம் வாணிபத்தின் வழியே மற்றொரு கடற்கரைக்குச் செல்லும் காலம் இது. புழு இல்லாத பாருக்குப் புழுவைக் கொண்டு சேர்க்கும் அபாயத்தை சௌதாம்ப்டன் ஆராய்ச்சியாளர் 2014-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினர். கடலைக் காக்கப் புறப்பட்டவன் கையாலேயே கடலுக்குக் கேடு விளைவது எத்தகைய அவலம்!

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப் பார்கள் இருக்கின்றன. கொம்புப் பவளமும் அங்கே உண்டு. சுண்ணாம்பிற்காக அப்பவளத்தை நெடுங்காலம் வெட்டி எடுத்தோம். தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிப் போனதற்கும் அவ்வெட்டே காரணம் என்று கூறுகின்றனர். 1986-ஆம் ஆண்டில் அப்பகுதி கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-ஆம் ஆண்டில் பவளம் சட்டத்தின் முழுக் காவலுக்குள் வந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002-ஆம் ஆண்டு முதல் பவளக் கிளைகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பம் அப்பார்களையும் வெளுக்கச் செய்தது. இத்தனை இடர்களுக்கிடையில் நட்ட ஒவ்வொரு கிளையும் விலை மதிப்பற்றது. ஓரிடத்துக் கிளையை மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லும் கைகள், அதன் எலும்பின் இடுக்குகளைப் பூதக்கண்ணாடியால் நோக்கிய பிறகே கொண்டு செல்ல வேண்டும் என்பதை டவுன்ஸ்வில் தொட்டிகள் நமக்கு இலவசமாகக் கற்பித்திருக்கின்றன. பிறர் இழந்து கற்ற பாடத்தை நாம் இழக்காமலே கற்றுக்கொள்வது நன்று.

முடிவாக ஒன்று கூறுவோம். இவ்வரலாற்றில் வெற்றியைத் தந்தது புது மருந்தன்று, பழைய மருந்துகளே. புதிதாக வந்தது ஒரு குறிப்புப் புத்தகம்: இன்று இத்தனை முட்டை, இன்று இத்தனை குஞ்சு, இன்று நீர் இத்தனை டிகிரி என்று நாள்தோறும் சலியாமல் எழுதிய புத்தகம். கோபத்தோடு அடித்தவர்கள் மீண்டும் மீண்டும் தோற்றார்கள். பொறுமையோடு எண்ணியவர்கள், எந்த நாளில் அடிக்க வேண்டும் என்பதை அறிந்தார்கள். பகை எதுவாயினும், அதன் முட்டை எங்கே இருக்கின்றது, அது எப்பொழுது பொரியும் என்று அறியாமல் கையோங்குவதில் பயனில்லை. இதனை ஒரு சிறு புழுவிடம் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கம் எதற்கு?